நகலெடுத்துப் படித்த நூல்

“மகன் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறான்” என்று மகிழ்ச்சியோடு சொல்லும் பெற்றோர் இன்று நம்மிடையே பலர். அவ்வேலை எத்தகையது என்று மேலும் கேட்டால், அவர்களுள் பெரும்பாலோர் தயங்குவர். “எந்நேரமும் திரையைப் பார்த்தபடியே இருக்கிறான்; தட்டுவது கொஞ்சம், பார்ப்பதுதான் அதிகம்” என்று தாய்மார் குறைபட்டுக்கொள்வதும் உண்டு. அவர்கள் கண் தவறாகப் பார்க்கவில்லை. கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர், எழுதுவதைவிடப் பிறர் எழுதியதைப் படிப்பதிலேயே மிகுந்த நேரத்தைச் செலவிடுகின்றனர். இத்தொழிலில் படிப்பு என்பது கல்லூரியோடு முடிந்துவிடுவதன்று. ஓய்வு பெறும் நாள்வரை தொடர்வது.

ஆனால் படிப்பதற்கு என்ன கிடைக்கிறது? அதை யார் கொடுக்கின்றனர், யார் மறுக்கின்றனர்? இக்கேள்விகளுக்குப் பின்னே அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் நிற்பது ஒரு சிறு நூல். ஆஸ்திரேலிய ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களுக்காகத் தயாரித்த அந்நூல், கடைகளில் விற்கப்படாமலேயே உலகைச் சுற்றி வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசிக்கும் அந்நூலுக்கும் தூரத்து உறவும் உண்டு. அந்த உறவுமுறையைச் சற்றே விளக்கிச் சொல்வோம்.

குழம்பும் பக்குவமும்

கணிப்பொறி செய்யவேண்டிய வேலைகளை வரிவரியாக எழுதி வைத்த ஆணைத் தொடரே நிரல். முதலில் அதை மனிதர் படித்தறியக்கூடிய மொழியில் எழுதுகின்றனர். இதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது, பொறிக்கு மட்டுமே விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. நாம் விலை கொடுத்து வாங்கும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வடிவமே. குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள், பக்குவத்தைச் சொல்லமாட்டார்கள். வணிகத்தில் இது குற்றமன்று. எந்தக் கடைக்காரரும் தம் கைப்பக்குவத்தைத் தெருவில் எழுதி ஒட்டுவதில்லை.

ஆயினும், சமையலைக் கற்க விரும்பும் பிள்ளை என்ன செய்யும்? தச்சுப் பட்டறையில் சேரும் சிறுவன், ஆசாரியார் உளியை எவ்வாறு பிடிக்கிறார் என்பதை அருகில் நின்று பார்த்தே தொழிலைப் பழகுகிறான். இளம் மருத்துவர், மூத்தவர் அறுவை செய்யும் மேசையின் பக்கத்தில் நிற்கிறார். நிரல் எழுதக் கற்பவனுக்கோ, நல்ல நிரல் ஒன்றை முழுமையாகக் கண்ணால் காணும் வாய்ப்பே நெடுங்காலம் அரிதாக இருந்தது. தான் எழுதிய ஐம்பது வரி, நூறு வரிப் பயிற்சிகளை மட்டுமே பார்த்துவிட்டு அவன் வேலைக்குப் போனான். வீடு கட்டக் கற்பவன் ஒரு வீட்டையும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்றால் எப்படி இருக்கும்!

தொலைபேசி நிறுவனம் தந்த பரிசு

1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவர் முன்னின்று ஓர் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். இயங்குதளம் என்பது கணிப்பொறியின் வீட்டு நிர்வாகி போன்றது. எந்த நிரல் எப்போது ஓடவேண்டும், நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், கோப்புகளை எங்கே வைப்பது என்பனவற்றையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். அவர்கள் ஆக்கிய தளத்துக்கு யுனிக்ஸ் என்று பெயர். 1974-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கணிப்பொறியாளர் சங்கத்தின் மாத இதழ் ஒன்றில் அவ்விருவரும் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டதும், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்டு எழுதலாயின.

பெல் ஆய்வுக்கூடம் அக்காலத்தில் ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்ததாக இருந்தது. 1956-இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வணிகத்தில் இறங்க அந்நிறுவனத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே யுனிக்ஸைச் சரக்காக விற்க இயலவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது, சிறு தொகை பெற்றுக்கொண்டு, மூலநிரலையும் சேர்த்து நாடாவில் பதிந்து அனுப்பினர். உதவி கிடையாது, பிழை திருத்தித் தருவது கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டனர். கைவிட்டதுபோல் தோன்றும் இந்த நிபந்தனைதான் பெரும் நன்மையாக முடிந்தது. உதவிக்கு ஆள் இல்லாதவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள ஆரம்பித்தனர். 1974-இல் நியூயார்க்கில் கூடிப் பேசினர். 1975-இல் புருக்ளின் கல்லூரியைச் சேர்ந்த மெல் ஃபெரன்ட்ஸ் என்பவர் “யுனிக்ஸ் நியூஸ்” என்னும் சிறு செய்தித்தாளைத் தொடங்கினார். எந்த ஊரில் யார் இதைப் பயன்படுத்துகிறார், என்ன பிழை கண்டார், எவ்வாறு திருத்தினார் என்பனவே அதன் செய்திகள். 1977-இல் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், யுனிக்ஸ் என்னும் பெயரை இதழுக்கு வைக்கக்கூடாது என்றனர். உடனே, பயனர் நுழையும்போது திரையில் தோன்றும் சொல்லாகிய “லாகின்” என்பதையே இதழுக்குப் பெயராகச் சூட்டிவிட்டனர்! அது பல்லாண்டுகள் அச்சில் வந்து, 2020-க்குப் பின் இணைய இதழாயிற்று.

சிட்னி நகரத்து ஆசிரியர்

கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிக் கேட்டவர்களுள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தாரும் இருந்தனர். கடிதம் எழுதியவர் கென் ராபின்சன். அவருடன் பணியாற்றிய ஜான் லயன்ஸ் என்பவரே நம் கட்டுரையின் நாயகர்.

லயன்ஸ் 1937-இல் சிட்னியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, கனடாவிலும் அமெரிக்காவிலும் பணியாற்றிவிட்டு, 1972-இல் தாயகம் திரும்பி ஆசிரியரானார். இயங்குதளம் எவ்வாறு வேலை செய்கிறது என்று கற்பிப்பது அவர் பொறுப்பு. அக்காலத்தில் இப்பாடத்தைக் கற்பிக்க இரண்டு வழிகள் இருந்தன. கரும்பலகையில் பொதுக் கொள்கைகளை விளக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது ஒன்று. மாணவர்களைக் கொண்டே விளையாட்டுத் தளம் ஒன்றைக் கட்டச் செய்வது மற்றொன்று. லயன்ஸ் மூன்றாவது வழியை மேற்கொண்டார். நன்றாக எழுதப்பட்ட, உண்மையாகவே உழைக்கும் தளம் ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மாணவர் படிக்கவேண்டும் என்றார்.

யுனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975-இல் வந்தது. அதன் உட்கருவான பகுதி ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரிகள். ஒரு மனிதர் முயன்று தம் மனத்துக்குள் முழுவதும் அடக்கிக்கொள்ளக்கூடிய அளவு இது என்பதை லயன்ஸ் கண்டுகொண்டார். இதுவே அவருடைய பெரும் கண்டுபிடிப்பு என்று நான் கருதுகிறேன். ஒன்பதாயிரம் வரி என்பது ஒரு நடுத்தர நாவலின் அளவுதான்.

1976-இல் தம் மாணவர்களுக்காக அவர் இரண்டு தொகுதிகளைத் தயாரித்தார். ஒன்று, அந்த ஒன்பதாயிரம் வரிகளையும் தக்க வரிசையில் மாற்றியமைத்து, ஒவ்வொரு வரிக்கும் நான்கு இலக்க எண் கொடுத்து அச்சிட்ட மூலம். எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தாளைக் குறிக்கும். மற்றொன்று அதற்கு அவர் எழுதிய உரை. ஆம், உரைதான்! நம் தமிழ் மரபில் மூலமும் உரையும் என்று சொல்வோமே, அதே முறை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் செய்த காரியத்தை, ஒரு கணிப்பொறி நிரலுக்கு லயன்ஸ் செய்தார் எனலாம். இந்த வரியில் இந்தச் சொல் ஏன் வந்தது, இங்கே ஆசிரியர் கருத்து என்ன, இவ்விடம் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்றெல்லாம் எண் குறிப்பிட்டுச் சொல்லிக்கொண்டே போகிறார். பாராட்டவேண்டிய இடத்தில் பாராட்டுகிறார்; குறை கண்ட இடத்தில் மறைக்கவில்லை.

அந்த மூலத்தில் வேடிக்கையான இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை நிறுத்திவிட்டு மற்றொரு வேலைக்கு மாறும் நுட்பமான பகுதியில், 2238-ஆம் வரியில், படிப்பவருக்கு இது புரியவேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஆக்கியோர் குறிப்பு எழுதி வைத்திருந்தனர். உலகெங்கும் மாணவர்கள் இவ்வரியைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தனர். தேர்வில் இதைக் கேட்கமாட்டோம் என்ற தொனியில்தான் எழுதினோம் என்று பிற்காலத்தில் ரிச்சி விளக்கினார். தங்களுக்கே அப்பகுதி அப்போது முழுமையாக விளங்கியிருக்கவில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். பெரியவர்கள் இவ்வாறு ஒப்புக்கொள்வது கற்பவனுக்கு எவ்வளவு ஆறுதல்!

பூட்டு விழுந்தது

லயன்ஸின் இரு தொகுதிகளைப் பற்றிய செய்தி விரைவில் பரவியது. யுனிக்ஸ் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே அவற்றைக் கொடுக்கலாம் என்பது நிபந்தனை. பெல் ஆய்வுக்கூடத்தாரே அதை வாங்கி வைத்துப் படித்தனர். தாங்கள் ஆக்கியதற்குத் தங்களிடம்கூட இப்படி ஒரு விளக்கம் இருந்ததில்லை. 1978-இல் லயன்ஸ் விடுப்பில் அங்கே சென்று அவர்களோடு பணியாற்றியும் வந்தார்.

ஆனால் அடுத்த ஆண்டே காற்று திசை மாறியது. யுனிக்ஸுக்குச் சந்தையில் மதிப்பு உண்டு என்பதை நிறுவனம் உணரத் தொடங்கியிருந்தது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கக்கூடாது என்று விதித்துவிட்டனர். பல கல்லூரிகள் யுனிக்ஸ் பாடத்தைக் கைவிட்டு, மறுபடியும் கரும்பலகைக் கொள்கைகளுக்கே திரும்பின. லயன்ஸின் நூலைப் பொதுவில் அச்சிட்டு வெளியிடும் வழியும் அடைபட்டது.

அதன் பின்னர் நடந்ததுதான் விந்தை. உரிமம் பெற்ற கல்லூரி ஒன்றில் ஒரு பிரதி இருக்கும். அதை ஒருவர் இரவல் வாங்கி ஜெராக்ஸ் எடுப்பார். அந்த நகலிலிருந்து நண்பர் ஒரு நகல். அவரிடமிருந்து வேறு ஊருக்கு மற்றொன்று. நகலுக்கு நகல், அதற்கும் நகல் என்று போய், எழுத்துகள் மங்கி, ஓரத்து எண்கள் பாதி வெட்டுண்டு போன தாள்கட்டுகளை, எண்பதுகளின் இளம் கணிப்பொறியாளர்கள் பெரும் சொத்தாகப் பாதுகாத்தனர். எத்தனையாவது தலைமுறை நகல் தம்மிடம் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதே ஒரு பெருமையாக இருந்ததாம். கணிப்பொறித் துறையில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட நூல் இதுவே என்று சொல்வதுண்டு. யாரும் எண்ணிப் பார்க்காததால் அதை மெய்ப்பிக்க வழியில்லை, நம்புவது கடினமுமன்று.

இது திருட்டு அல்லவா என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். சட்டப்படி அது தவறு, அதில் ஐயமில்லை. மூலநிரல் நிறுவனத்தின் உடைமை, அதன் ஊழியர்கள் சம்பளம் பெற்று எழுதியது. எனினும், எழுதிய தாம்சனும் ரிச்சியும் அது படிக்கப்படவேண்டும் என்றே விரும்பினர். உரை எழுதிய ஆசிரியரும் அதையே விரும்பினார். நகலெடுத்த மாணவர்கள் அதை விற்றுப் பணம் பண்ணவில்லை. அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பளிக்க நான் துணியமாட்டேன். ஆனால் படிக்கத் தருவதையே தடை செய்த விதியிலும் எனக்கு நியாயம் தெரியவில்லை.

ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும்

தடைக்கு மறுமொழியாக நேர்மையான வழியில் செயல்பட்டவர் ஒருவர் உண்டு. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், பிறருடைய நிரலைக் கற்பிக்க அனுமதி இல்லையென்றால் நானே ஒன்றை எழுதிவிடுகிறேன் என்று அமர்ந்தார். ஏ.டி. அண்டு டி.யின் ஒரு வரியையும் தொடாமல், யுனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் சிறு தளம் ஒன்றைத் தாமே படைத்தார். மினிக்ஸ் என்பது அதன் பெயர். 1987-இல் அவர் வெளியிட்ட பாடநூலின் பிற்பகுதியில் அதன் மூலநிரல் அச்சாகியிருந்தது. யாரும் கடையில் வாங்கி, வீட்டுக் கணிப்பொறியிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

அப்பாடநூலைப் படித்தவர்களுள் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸும் ஒருவர். 1991 ஜனவரியில் அவர் புதிய கணிப்பொறி ஒன்றை வாங்கினார். மினிக்ஸை அதில் ஏற்றிப் பழகினார். அது பாடத்துக்காகச் செய்யப்பட்டதாதலால் அவருக்குப் போதவில்லை. தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், மினிக்ஸ் அன்பர்கள் கணிப்பொறி வழியே செய்தி பரிமாறிக்கொள்ளும் அரங்கில், தாம் பொழுதுபோக்காக ஒரு தளத்தை எழுதிவருவதாகவும், அது பெரிதாக வரப்போவதில்லை என்றும் அடக்கமாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. அந்தப் பொழுதுபோக்கே லினக்ஸ்.

குருவுக்கும் ஏகலைவனுக்கும் அடுத்த ஆண்டே சச்சரவும் வந்தது. 1992 ஜனவரியில் டானன்பாம், லினக்ஸின் அமைப்பு முறை காலாவதியானது என்று அதே அரங்கில் எழுதினார். டோர்வால்ட்ஸ் சுடச்சுடப் பதில் கொடுத்தார். பின்னர் கடுமைக்காக வருத்தமும் தெரிவித்தார். பாரதக் கதையில்போல் கட்டைவிரலை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பார்க்க நடந்த அவ்வாதத்தைப் பாடமாகவே வைத்து இன்றும் மாணவர் படிக்கின்றனர்.

லினக்ஸின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூலத்தையும் மறைக்காமல் கொடுக்கவேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வகுத்த இவ்வுரிமத்தை 1992-இல் டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்டார். இன்று ஆண்ட்ராய்டு தொலைபேசிகள் அனைத்தின் அடித்தளத்திலும் லினக்ஸின் உட்கருவே ஓடுகிறது. உலகின் மிக வேகமான ஐந்நூறு கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில்தான் இயங்குகின்றன. மேசைமீது கிடக்கும் பிள்ளையின் தொலைபேசிக்கு நாம் முதலில் சொன்ன தூரத்து உறவு இதுதான்.

மூன்று கோடி வரிகளும் ஒரு வார இதழும்

இங்கே ஒரு புதிய இடர்ப்பாடு முளைக்கிறது. லயன்ஸ் உரை எழுதியது ஒன்பதாயிரம் வரிகளுக்கு. இன்றைய லினக்ஸ் உட்கருவோ மூன்று கோடி வரிகளுக்கும் மேற்பட்டது! பூட்டு இல்லை, கதவு திறந்தே கிடக்கிறது. ஆனால் உள்ளே நுழைபவன் திசை தெரியாமல் திகைக்கிறான். நாள்தோறும் உலகெங்கிலுமிருந்து திருத்தங்கள் வந்து குவிகின்றன. எந்த மனிதர் இதை மனத்தில் அடக்க முடியும்? படிக்க விடாமல் தடுப்பது ஒரு வகை மறைப்பு என்றால், படித்து முடிக்க முடியாத அளவுக்குப் பெருகுவதும் மற்றொரு வகை மறைப்பே.

ஆகவே உரையாசிரியரின் வேலை இன்னும் அவசியமாகிறது. ஆங்கிலத்தில் அதைத் தொடர்ந்து செய்துவருவது “லினக்ஸ் வீக்லி நியூஸ்” என்று தொடங்கிய வார இதழ். 1998 ஜனவரியில் ஜானதன் கார்பெட், எலிசபெத் கூல்பா என்னும் இருவர் அதை ஆரம்பித்தனர். லினக்ஸில் இந்த வாரம் என்ன மாறியது, ஏன் மாறியது, எவர் மறுத்தார், முடிவில் எது வென்றது என்பதை அவ்விதழ் பொறுமையாக எழுதுகிறது. பரபரப்பு இல்லை, படமும் அதிகமில்லை. 2002-இல் வருவாய் இல்லாமல் இதழை மூடப்போவதாக அறிவித்தனர். அறிவிப்பைக் கண்ட வாசகர்கள், யாரும் கேளாமலேயே பணம் அனுப்பத் தொடங்கிவிட்டனர்! அதனால் மனம் மாறி, சந்தா முறையை ஏற்படுத்தி நடத்தினர். சந்தா கட்டியவர் முதலில் படிப்பார். சில நாட்கள் கழித்து அதே கட்டுரை எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்படும். கட்டியவனுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், கட்ட இயலாதவனுக்கும் வாசல் வைத்த இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

வளர்ந்தவர்களுக்கு இவ்வாறு இதழ் உண்டு. நாள்தோறும் வேலையில் முட்டிக்கொள்ளும் சாதாரண நிரலாளன் எங்கே போவான்? 2008-இல் ஜோயல் ஸ்பால்ஸ்கி, ஜெஃப் அட்வுட் என்பவர்கள் “ஸ்டாக் ஓவர்ஃப்ளோ” என்னும் கேள்வி பதில் களத்தை அமைத்தனர். ஒருவர் தம் சிக்கலை எழுதுவார். முன்பின் அறியாத ஒருவர் வேறு நாட்டிலிருந்து விடை எழுதுவார். பணம் கிடையாது, பெயருக்குப் பக்கத்தில் ஏறும் மதிப்பெண் மட்டுமே கூலி. சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுள் அக்களத்தின் விடையால் ஒருமுறையேனும் பிழைக்காதவர் அரியர்.

2022 நவம்பருக்குப் பின் நிலைமை மாறிவிட்டது. கேட்டால் உடனே விடை எழுதித் தரும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்தன. அவை கற்றுக்கொண்டவற்றுள் மனிதர் எழுதி வைத்த விடைகளும் அடங்கும். இப்போது களத்தில் வந்து கேட்பவர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2024 மே மாதத்தில், அத்தகைய பொறியை ஆக்கும் ஒரு நிறுவனத்தோடு களத்தின் உரிமையாளர்கள் உடன்பாடு செய்துகொண்டபோது, சிலர் மனம் நொந்து தாம் எழுதிய விடைகளைத் தாமே அழிக்க முற்பட்டனர். அவர்கள் கணக்குகள் முடக்கப்பட்டன. அயலானுக்குக் கொடுத்தோம், வணிகத்துக்குக் கொடுக்கவில்லையே என்பது அவர்கள் வாதம். கொடுத்துவிட்டதைத் திரும்பக் கேட்கலாமா என்பது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனக்குள்ள கவலை வேறு. பொறியிடம் கேட்பவனுக்கு விடை கிடைக்கிறது. ஆனால் அடுத்தவன் கண்ணில் அக்கேள்வி படுவதில்லை. எல்லோரும் தனித்தனி அறையில் தனித்தனியே கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்குப் படிக்க யார் எழுதி வைப்பார்கள்?

தமிழில் ஒரு முயற்சி

மேலே சொன்ன எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கணிப்பொறிப் படிப்பில் சேரும் மாணவனுக்கு மூலநிரலைப் போலவே ஆங்கிலமும் ஒரு பூட்டுதான். இதை எண்ணியே 2012 ஜனவரியில் “கணியம்” என்னும் மாத மின்னிதழைச் சிலர் தொடங்கினர். லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழிலேயே விளக்கும் கட்டுரைகள் அதில் வந்தன. “எளிய தமிழில்” என்று தொடங்கும் தலைப்புகளோடு பல மின்னூல்களும் வெளியாயின. யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிவிட்டனர். கலைச்சொற்களைப் பற்றி எனக்குச் சில இடங்களில் கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் ஒரே வாக்கியத்தில் மாறிமாறிப் பயன்படுத்துவது தொடக்கக்காரனைக் குழப்பும். ஆனால் எழுத முன்வந்தவர்கள் சிலரே என்னும்போது குறை சொல்வது எளிது.

மீண்டும் அந்நூல்

லயன்ஸ் என்ன ஆனார்? தொடர்ந்து சிட்னியிலேயே கற்பித்தார். ஆஸ்திரேலியாவில் யுனிக்ஸ் பயனர் சங்கம் உருவாவதில் முன்னின்று உழைத்தார். உடல்நலம் குன்றியதால் 1995-இல் ஓய்வு பெற்றார். அவருடைய நூல் அதுவரை சட்டப்படி வெளிவரவே இல்லை. யுனிக்ஸின் உரிமை கைமாறிக் கைமாறி வேறொரு நிறுவனத்திடம் போயிருந்தது. நகலெடுத்துப் படித்தவர்களுள் பலர் அப்போது துறையில் பெரிய இடங்களில் இருந்தனர். டென்னிஸ் ரிச்சியும் வேறு சிலரும் முயன்று அனுமதி பெற்றனர். 1996-இல், எழுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், மூலமும் உரையும் ஒரே நூலாக அச்சேறிக் கடைக்கு வந்தன. ரிச்சியே முன்னுரை வரைந்தார். லயன்ஸ் அதைத் தம் கண்ணால் கண்டார். 1998 டிசம்பர் 5-ஆம் நாள் காலமானார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் பேராசிரியர் பதவி ஒன்று நிறுவப்பட்டுள்ளது. பழைய யுனிக்ஸ் பதிப்புகளின் மூலநிரலை 2002-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டனர்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்திலும் லயன்ஸின் உரையை வைத்து இயங்குதளப் பாடம் நடந்தது. ஆனால் ஆறாம் பதிப்பு எழுதப்பட்டது வழக்கொழிந்துபோன பழைய பொறிக்காக. அதை மாணவர் இன்று காணவும் இயலாது. எனவே 2006-இல் அங்குள்ள ஆசிரியர்கள், அதே ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பின்பற்றி, இக்காலப் பொறிகளுக்கு ஏற்பப் புதிதாக ஒரு சிறு தளத்தை எழுதினர். எக்ஸ்-வி-6 என்பது அதன் பெயர். அளவும் ஏறத்தாழ அதே அளவுதான். மூலத்தைத் தாள்தாளாக அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் நான்கு இலக்க எண் கொடுத்து, வரி எண்ணைக் குறிப்பிட்டு விளக்கும் உரையொன்றையும் உடன் வைத்தனர். மும்பை ஐ.ஐ.டி. உட்பட நம் நாட்டுக் கல்லூரிகள் சிலவற்றிலும் மாணவர் அதை வைத்துப் பயில்கின்றனர். இரண்டையும் இணையத்திலிருந்து எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நகலெடுக்க இப்போது யாரிடமும் ஒளியவேண்டியதில்லை.